சுகவாணி விழுங்கிய கச்சை

"கீய்ங்... கீய்ங்... கீய்ங்!"

வீட்டுக்குப் பின்னால் கிளம்பிய சத்தத்தில் கோழிகள் கூரை ஏறின. தொழுவத்துப் பசு கட்டுத்தறியை ஒரு சுற்றுச் சுற்றி வந்தது. பக்கத்து வீட்டிலிருந்து, "ஆம்புலன்ஸு வந்துருச்சு, யாருக்குடி என்ன?" என்று கேட்டுக்கொண்டே இரண்டு பேர் ஓடிவந்தார்கள்.

சத்தம் போட்டது ஆம்புலன்ஸ் இல்லை. சலவை மெஷின்.

அதன் முன்னால் ஈர வேட்டியும் நெற்றி நிறையத் திருநீறுமாகத் திகைத்து நின்றவர் நல்லமுத்து. ஆவாரங்குளத்தில் பருத்தியும் குதிரைவாலியும் விதைக்கிற சம்சாரி. வருஷத்தில் ஒரே ஒரு நாள், மாசி மாதம் நடக்கிற களரித் திருவிழாவன்று, அவர் மேல் கருப்பசாமி இறங்குவார். மற்ற நாளெல்லாம் அவர் மனைவி தங்கலட்சுமி சொன்னதைக் கேட்டு நடக்கிற சாதாரண மனிதர்.

அன்றைக்குத்தான் களரி.

சத்தம் நின்றது. மெஷினுக்குள்ளிருந்து ஒரு பெண் குரல், கல்யாண மண்டபத்து வாசலில் பன்னீர் தெளிப்பது போலக் குழைந்து பேசியது.

"மதிப்புக்குரிய பயனரே! அந்நியப் பொருள் கண்டறியப்பட்டுள்ளது. உங்கள் பாதுகாப்புக்காகக் கதவு பூட்டப்பட்டுள்ளது. உங்கள் மகிழ்ச்சியே எங்கள் மூச்சு."

"தங்கலட்சுமீ! இங்க வா! இது என்னமோ மூச்சு கீச்சுங்குது!"

தங்கலட்சுமி பச்சரிசி மாவு ஒட்டிய கையோடு வந்தாள். வட்டக் கண்ணாடிக் கதவுக்குள் எட்டிப் பார்த்தாள். சோப்பு நுரைக்கு நடுவே சிவப்பாக ஏதோ மிதந்தது.

"உள்ள என்னத்தப் போட்டீக?"

"கச்சை."

"எந்தக் கச்சை?"

"நம்மகிட்ட எத்தனை கச்சை இருக்கு? சாமி கச்சைதான்."

தங்கலட்சுமி மாவுக் கையாலேயே வாயைப் பொத்திக்கொண்டாள்.

கச்சை என்பது கருப்பசாமி இறங்கும்போது சாமியாடி இடுப்பில் கட்டுகிற சிவப்புத் துணி. ஓரம் முழுக்க வெண்கல மணிகள் வைத்துத் தைத்தது. களரியன்று காலையில் சாமியாடி அதைத் தன் கையாலேயே ஊருணியில் அலசிக் காயவைத்து, பொழுது சாயும்போது கட்டிக்கொள்ள வேண்டும். வேறு கை படக்கூடாது. ஊர்க்கட்டு அப்படி.

இந்த வருஷம் ஊருணியில் தண்ணீர் இல்லை. பையன்கள் நடுவில் ஸ்டம்பு நட்டுக் கிரிக்கெட் ஆடிக்கொண்டிருந்தார்கள். நல்லமுத்து யோசித்தார். மெஷினில் நானே போட்டு, நானே பட்டனை அமுக்கினால், என் கையால் துவைத்த கணக்குத்தானே? இது சரியா தப்பா என்று குறி கேட்டுப் பார்க்கலாம் என்றால், அந்த ஊரில் குறி சொல்கிறவரும் அவர்தான். ஆகவே அனுமதி சீக்கிரமே கிடைத்துவிட்டது.

சாமி துணி போகிற இடமாயிற்றே என்று மெஷினை மஞ்சத்தண்ணீர் தொட்டு நன்றாகத் துடைக்கவும் செய்தார். பட்டன்கள் இருந்த பலகையில் மூன்று ஒட்டுப்பொட்டுகள் இருந்தன. சாமி காரியத்தில் இது என்ன அசிங்கம் என்று அவற்றைப் பிய்த்து வாய்க்காலில் எறிந்தார்.

தங்கலட்சுமி இப்போது அந்தப் பலகையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஏங்க, இதுல இருந்த பொட்டெல்லாம் எங்க?"

"பிச்சுப் போட்டேன்."

"கெடுத்தீகளே குடியை! செகப்புப் பொட்டு மொதல்ல, பச்சைப் பொட்டு ரெண்டாவது, கருப்புப் பொட்டு நிறுத்துறதுக்கு. அதை வெச்சுத்தான இம்புட்டு நாளும் ஓட்டிக்கிட்டிருந்தேன்! மத்ததெல்லாம் எதுக்குன்னு எனக்கும் தெரியாது, வாங்கி அனுப்புன ஒங்க மகனுக்கும் தெரியாது."

மகன் மருதுபாண்டி ஓசூரில் ஒரு கம்பெனியில் வேலை பார்க்கிறான். அம்மா இடுப்பொடியத் துவைக்கக் கூடாதென்று ஆசையாக வாங்கி அனுப்பியதுதான் இந்தச் 'சுகவாணி பேரறிவு' மெஷின். அதில் மொத்தம் இருபத்தொரு பட்டன்கள், நடுவில் திருகுவதற்கு ஒரு சக்கரம். பருத்தி, கலவை, மென்மை என்று கொஞ்ச தூரம் மனிதனுக்குப் புரிகிற மாதிரி போய், அப்புறம் 'மலைக்காற்று', 'விளையாட்டு வீரர்', 'பௌர்ணமி', 'இன்றைய என் மனநிலை' என்று சக்கரம் வேறு உலகத்துக்குப் போய்விடும். நல்லமுத்து பருத்திக்காரர். கண்ணுக்குப் பட்ட 'பருத்தி'யில் சக்கரத்தை நிறுத்தினார். அது சரிதான். கச்சையில் மணி இருக்கும் என்பதைத்தான் சுகவாணிக்கு யாரும் சொல்லி வைக்கவில்லை.

"ஒயரைப் பிடுங்குங்க," என்றாள் தங்கலட்சுமி.

பிடுங்கினார்.

"மின்சாரம் நின்றுவிட்டது," என்றது மெஷின், முன்னைவிடக் கனிவாக. "கவலை வேண்டாம். என்னுள் தனி பேட்டரி உள்ளது. உங்கள் கதவைத் தொடர்ந்து பூட்டியே வைத்திருப்பேன்."

"நீதான் ஒரு பட்டனை அமுக்கிப் பாரேன்," என்றார் நல்லமுத்து.

"நான் தொடக்கூடாதே?"

"கச்சையத்தான தொடக்கூடாது? பட்டனைத் தொட்டா என்ன?"

"பட்டனைத் தொட்டா கச்சையத் தொட்ட மாதிரியா, இல்லையா? எதுக்கும் சாமிகிட்ட ஒரு வார்த்தை கேட்டுச் சொல்லுங்க."

"சாமி கச்சை கட்டுனாத்தான்டி வரும்!"

வேறு வழி தெரியாமல் இருவரும் சேர்ந்து எல்லாப் பட்டனையும் அமுக்கிப் பார்த்தார்கள். ஒன்றுக்கு விளக்கு எரிந்தது. ஒன்றுக்கு வீணை இசை வந்தது. இன்னொன்று, விருதுநகர் மாவட்டத்தில் இன்று மழைக்கு வாய்ப்பில்லை என்றது. அதை அந்த ஊரில் யாரும் மெஷினிடம் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டியதில்லை.

இந்த நேரம் பார்த்து வேலிக்கு மேல் ஒரு மீசை தெரிந்தது. தங்கபாண்டி. நல்லமுத்துவின் சித்தப்பா மகன்.

"என்னண்ணே, கொடியில கச்சையக் காணோமே? இன்னும் அலசலையா?"

"அலசிக்கிட்டுத்தான்டா இருக்கு."

"இருக்கா? நீங்க இங்க நிக்கிறீக, கச்சை தானா அலசிக்கிதா?"

தங்கபாண்டியின் அக்கறைக்குக் காரணம் உண்டு. சாமியாடி எந்த வருஷம் கச்சை கட்டாமல் போகிறாரோ, அந்த வருஷத்தோடு ஆடுகிற உரிமை அடுத்த பங்காளிக்குப் போய்விடும். அடுத்த பங்காளி தங்கபாண்டி. அதற்காகவே கொஞ்ச காலமாக அந்த மீசையை வளர்த்து வருகிறான். பின்கட்டுக்கு வந்து கண்ணாடிக் கதவை எட்டிப் பார்த்ததும் அவன் முகத்தில் வந்த துக்கத்தில் கொஞ்சம் வெளிச்சமும் கலந்திருந்தது.

"அடடா! சாமியவே மாட்டி விட்டுட்டீகளே அண்ணே! சரி விடுங்க. எங்க அய்யாவோட பழைய கச்சை ஒண்ணு வீட்டுல இருக்கு. நான் சும்மா தட்டிப் போட்டு வைக்கிறேன். ஒரு பேச்சுக்குத்தான்."

தாத்தா ஆடி, அப்பா ஆடி, நல்லமுத்து ஆடிய ஆட்டம். அது ஒரு துணி துவைக்கிற டப்பாவால் கைமாறிப் போவதா?

மெஷின் மேல் ஒட்டியிருந்த நம்பருக்குப் போன் போட்டார்.

"வணக்கம். சுகவாணி குடும்பத்துக்கு வரவேற்கிறோம். புதிய மெஷின் வாங்க ஒன்றை அழுத்தவும். இன்னொரு மெஷின் வாங்க இரண்டை அழுத்தவும். நண்பருக்குப் பரிசளிக்க மூன்றை அழுத்தவும்..." இப்படியே போய்க் கடைசியில், "துணி துவைப்பது தொடர்பான கேள்விகளுக்கு ஒன்பதை அழுத்தவும்" என்று வந்தது. அழுத்தினார். ரகசிய எண் அனுப்பியிருப்பதாகவும், உடனே அதைச் சொல்லும்படியும் கேட்டது. அந்த எண் போய்ச் சேர்ந்தது மருதுபாண்டியின் போனுக்கு. மருதுபாண்டியின் போன் கம்பெனி லாக்கருக்குள் இருந்தது. மருதுபாண்டி ஷிப்டில் இருந்தான்.

"நேரம் முடிந்துவிட்டது. அருப்புக்கோட்டையில் உள்ள எங்கள் வாடிக்கையாளர் பேரின்ப மையத்தை நேரில் அணுகவும். உங்கள் மகிழ்ச்சியே எங்கள்..."

மூச்சு வருவதற்குள் நல்லமுத்து பஸ்ஸுக்கு ஓடினார். விரதம் என்பதால் காலில் செருப்பில்லை, மேலில் சட்டையில்லை, வயிற்றில் ஒன்றுமில்லை.

பேரின்ப மையத்தின் கண்ணாடிக் கதவில் தள்ளு என்றும் இல்லை, இழு என்றும் இல்லை. 'அணுகவும், தானே திறக்கும்' என்று எழுதியிருந்தது. நல்லமுத்து அணுகினார். திறக்கவில்லை. விலகி நின்று மறுபடி அணுகினார். கும்பிட்டுப் பார்த்தார். உள்ளேயிருந்து ஒரு பெண் எழுந்து வந்து, கதவின் அடியில் கிடந்த செங்கலைக் காலால் தள்ளி, இடுப்பால் ஒரு இடி இடித்தாள். திறந்தது. அவள் பெயர் நாகஜோதி என்று சட்டையில் குத்தியிருந்த அட்டை சொன்னது.

"அய்யா, கோயில் நன்கொடைன்னா மேனேஜர் சார் இல்ல," என்றாள்.

"நன்கொடைக்கு வரல தாயி. மெஷின் கதவு திறக்கல."

"அப்படியா? அப்ப அந்த டச் ஸ்கிரீன்ல போய் டோக்கன் எடுங்க."

திரையில் குறைகளின் வரிசை வந்தது. துணி சரியாக வெளுக்கவில்லை. துணி தேவைக்கு அதிகமாக வெளுத்துவிட்டது. மெஷினின் குரல் இன்னும் இனிமையாக இருக்கலாம். கடைசியாக: பாராட்ட விரும்புகிறேன். கதவு திறக்கவில்லை என்ற குறை உலகத்திலேயே கிடையாது போலிருந்தது.

"பாராட்டு அமுக்குங்க," என்றாள் நாகஜோதி மெதுவாக. "அதை அமுக்குனாத்தான் சார் வெளிய வருவாரு. எல்லாரும் அதான் அமுக்குறது."

கூடத்தில் பாராட்டுவதற்காக ஒரு கூட்டமே கொலைவெறியோடு உட்கார்ந்திருந்தது. ஏ.சி. இருந்தது. அதன் ரிமோட்டில் எந்தப் பட்டனை அமுக்கினால் குளிரும் என்று தெரிந்த அதிகாரி மாற்றலாகிப் போய்விட்டார். ஆகவே ஆளுக்கொரு 'பயனர் கையேடு' கொடுத்திருந்தார்கள். நல்ல தடிமனான புத்தகம். விசிறிக்கொள்ள வசதியாக இருந்தது.

நல்லமுத்துவுக்குப் பக்கத்தில் மடியில் மிக்ஸியோடு இருந்தவர் பாலவனத்தத்துக் கருத்தம்மாள்.

"ஒங்களுக்கு என்னாச்சு தம்பி?" என்றார்.

நல்லமுத்து சொன்னார்.

"ஒங்களது பூட்டிக்கிட்டதோட நிறுத்திருச்சு. இது கேள்வி கேக்குது! என்ன அரைக்கப் போறீகன்னு கேக்குது. தேங்காச் சட்னி இருக்கு, தக்காளிச் சட்னி இருக்கு, என்னமோ மெக்சிகோச் சட்னிகூட இருக்கு. கானத்துவையல், அதான் கொள்ளுத் துவையல், அது இல்ல. இல்லாததை அரைக்க மாட்டேங்குது. ஒரு வாரமா எங்க வீட்டுல மெக்சிகோச் சட்னின்னு பொய் சொல்லித்தான் துவையல் அரைக்கேன். நேத்து மோந்து பாத்துக் கண்டுபிடிச்சிருச்சு."

எதிரில் மல்லாங்கிணற்றுக்காரர் ஒருவர் மின்விசிறி ரிமோட்டைக் கையில் வைத்துக்கொண்டு பெருமூச்சு விட்டார். அவர் விசிறி 'தென்றல்' நிலையில் மாட்டிக்கொண்டதாம். எப்போதாவது லேசாகச் சுற்றுமாம், பிறகு நெடுநேரம் நின்றுவிடுமாம். "மேனேஜரைக் கேட்டா, தென்றல்னா அப்படித்தான்யா வரும்ங்கிறாரு. மாசியிலேயே இப்படின்னா சித்திரையில நான் என்ன செய்ய?"

அப்போது நல்லமுத்துவின் டோக்கன் எண்ணைத் தொடர்ந்து கைதட்டல் ஒலி எழுந்தது. ஒலிபெருக்கியிலிருந்து. உள்ளறைக் கதவைத் திறந்துகொண்டு, கையில் சால்வையோடு மேலாளர் சங்கரபாண்டியன் வெளியே வந்தார். இஸ்திரி போட்ட மனிதர். சட்டை மட்டுமல்ல, சிரிப்பும் இஸ்திரி போட்டிருந்தது.

"இன்றைய பாராட்டு வாடிக்கையாளர் யாரு? ஐயாதானா? வாங்க வாங்க!" என்று சட்டையில்லாத நல்லமுத்துவின் தோளில் சால்வையைப் போர்த்தி, போட்டோ எடுத்து, அறைக்குள் அழைத்துப் போனார்.

"சார், கதவு திறக்கல. உள்ள சாமி துணி இருக்கு. பொழுது சாயுறதுக்குள்ள வேணும்."

"ஐயா, மொதல்ல ஒண்ணு புரிஞ்சுக்கணும்," என்றார் சங்கரபாண்டியன், மேஜைமேல் விரல்களைக் கோத்து வைத்து. "எங்க மெஷின் தப்பு பண்ணாது. தப்பு பண்ற உரிமையை நாங்க அதுக்குக் குடுக்கவே இல்ல. அந்த உரிமை முழுக்க வாடிக்கையாளருக்குத்தான்."

"நான் பருத்தியிலதான் வெச்சேன் சார்."

"பாத்தீங்களா, ஒரே பட்டன்ல நின்னுட்டீங்க. போன மாடல்ல பன்னெண்டு பட்டன் இருந்துச்சு. குழப்பமா இருக்குன்னு ஊரெல்லாம் புகார். தலைமை அலுவலகம் சும்மா இருக்குமா? உடனே குழு போட்டாங்க. குழப்பத்தைத் தீர்க்கறதுக்குன்னே தனியா ஒன்பது பட்டன் சேர்த்தாங்க. இன்னைக்கு இருபத்தொண்ணு. இப்ப புகாரே வர்றதில்ல. எல்லாம் பாராட்டுத்தான். வெளிய கூட்டத்தைப் பாத்தீங்கல்ல?"

"கதவைத் திறக்க ஒரு பட்டன் வெச்சிருக்கலாமே சார்?"

சங்கரபாண்டியன் திடுக்கிட்டுப் போனார்.

"பட்டன் வெச்சா வாடிக்கையாளர் திறந்துருவாரே ஐயா!"

பிறகு மேலாளர் ஆசுவாசப்படுத்திக்கொண்டு, புகாரைப் பதிவு செய்ய வேண்டுமென்றால் நல்லமுத்து முதலில் பயனர் தகுதித் தேர்வில் தேற வேண்டும் என்றார். பக்கத்து அறையில் திரையில் ஒரே ஒரு கேள்வி இருந்தது: 'நீங்கள் ஒரு வெள்ளைச் சட்டை என்று கற்பனை செய்துகொள்ளுங்கள். உங்களுக்கு எந்த நிலை பிடிக்கும்?'

சட்டையே போடாமல் வந்திருந்த நல்லமுத்து, நாகஜோதியைப் பரிதாபமாகப் பார்த்தார்.

"என்ன தாயி இது?"

"சார் எழுதுன கேள்விய்யா. ஒங்களுக்குத் தெரிஞ்சதை அமுக்குங்க."

பருத்தியை அமுக்கினார். தேறிவிட்டார். தொடக்கநிலைப் பயனர் என்று சான்றிதழ் கொடுத்து மறுபடியும் கைதட்டினார்கள்.

சங்கரபாண்டியன் கம்ப்யூட்டர் முன் உட்கார்ந்தார். "உள்ள என்ன அந்நியப் பொருள்?"

"சாமி மணி."

"நாணயம், ஊசி, சாவி, செல்லப்பிராணி. இந்த நாலுதான் இருக்கு. இதுல எது?"

"எதுவும் இல்ல சார்."

"நாணயமும் இல்ல, ஊசியும் இல்ல, சாவியும் இல்ல. அப்ப செல்லப்பிராணின்னு போட்டுர்றேன். உயிரோட இருக்கா?"

"சார், அது கருப்பசாமி கச்சை!"

"அதெல்லாம் எழுத இடம் இல்லைங்க. உயிரோட இருக்கா, இல்லையா? ஆமா, இல்லை, ரெண்டுல ஒண்ணு."

நல்லமுத்து தவித்துப் போனார். களரியன்று, விரதத்தில் இருக்கும் வாயால், சாமி இல்லை என்று எப்படிச் சொல்வது? நாக்கு அழுகிப் போகாதா?

"ஆமா," என்றார் கன்னத்தில் போட்டுக்கொண்டு. "உயிரோடதான் இருக்காரு."

சங்கரபாண்டியன் பட்டனைத் தட்டினார். அடுத்த கணம் திரை சிவந்தது, மேஜைமேல் ஒரு விளக்கு சுழன்றது. சுகவாணிக்குள் உயிருள்ள செல்லப்பிராணி சிக்கினால் அது உச்சகட்ட அவசரநிலை. மேலாளர் நேரில் போய், மீட்டு, மீட்கப்பட்ட பிராணியோடு படம் எடுத்து, அன்று மாலைக்குள் தலைமை அலுவலகத்துக்கு அனுப்பியாக வேண்டும். இல்லாவிட்டால் அவருக்கு மாற்றல்.

"என்னய்யா இப்படி மாட்டி விட்டுட்டீங்க!" என்றார் சங்கரபாண்டியன். சிரிப்பின் இஸ்திரி முதன்முறையாகக் கலைந்தது.

இருவரும் கம்பெனிக் காரில் ஆவாரங்குளத்துக்கு வந்து சேர்ந்தபோது வெயில் மஞ்சளாகிவிட்டது. நல்லமுத்துவின் வீட்டு வாசலில் பங்காளிகள் கூடியிருந்தார்கள். மேளக்காரர் சங்கையாவின் கொட்டு செட்டு தோலை நெருப்பில் காட்டிச் சூடேற்றிக்கொண்டிருந்தது. பூசைச் சாமான்கள் அடங்கிய சாமிப் பெட்டி திண்ணை மேல் தயாராக இருந்தது. கூட்டத்தின் முன்வரிசையில் தங்கபாண்டி, குளித்துத் திருநீறு பூசி, ஒரு பையைக் கக்கத்தில் இடுக்கியபடி நின்றான். பையிலிருந்து பழைய கச்சையின் நுனி தற்செயலாக வெளியே தெரிந்தது.

"வாங்கண்ணே. பதட்டப்படாதீக. நான் பாத்துக்கிறேன்," என்றான்.

"நீ பாக்க வேண்டியதில்ல. ஆபீசரே வந்துட்டாரு."

கூட்டத்தையும் களரிக்குக் கட்டியிருந்த மைக்கையும் பார்த்ததும் சங்கரபாண்டியனுக்குப் போன தெம்பு திரும்பி வந்துவிட்டது. மைக்கை வாங்கினார்.

"பெரியோர்களே, தாய்மார்களே! இன்று ஒரு மெஷின் பூட்டிக்கொண்டது என்று வருந்துகிறீர்கள். நான் பெருமைப்படுகிறேன்! சாதாரண மெஷினால் பூட்டிக்கொள்ள முடியுமா? கல்லில் துவைத்தீர்களே, அந்தக் கல் ஒரு நாளாவது உங்கள் பாதுகாப்பைப் பற்றிக் கவலைப்பட்டதா? சுகவாணி கவலைப்படுகிறது! இரவு பகலாகக் கவலைப்படுகிறது! சில சமயம் அந்தக் கவலையில் துவைக்கவே மறந்துவிடுகிறது!"

கூட்டத்தில் யாரோ கைதட்டினார்கள். களரிக்கு வந்தவர்களுக்கு மைக்கில் எது பேசினாலும் கைதட்டிப் பழக்கம்.

"பொழுது எறங்குது சார்," என்று நல்லமுத்து அவர் கையைப் பிடித்து இழுத்துப் பின்கட்டுக்குக் கூட்டிப் போனார். கூட்டமும் கொட்டு செட்டும் பின்னாலேயே வந்தன.

சங்கரபாண்டியன் ஒயரைச் செருகி, மெஷின் முன் நிமிர்ந்து நின்று தன் அடையாள எண்ணைச் சொன்னார்.

"குரல் பொருந்தவில்லை," என்றது சுகவாணி. "தாங்கள் பதற்றமாக இருக்கிறீர்கள். தயவுசெய்து மகிழ்ச்சியாகப் பேசவும்."

"நான்தான்மா சங்கரபாண்டியன்!" என்றார் அவர் மகிழ்ச்சியாக.

"இன்னும் கொஞ்சம்."

"நான்தான்! சங்கரபாண்டியன்! ஹஹ்ஹா!"

"பொம்பளைக மூஞ்சியப் பாத்துத்தான் ஒங்க மெஷினு மதிக்கலைன்னு நெனச்சேன்," என்றாள் தங்கலட்சுமி. "ஒங்களையும் மதிக்கல போலருக்கே."

"நன்றி," என்றது சுகவாணி. "துவைத்தல் முதலிலிருந்து தொடங்குகிறது."

உள்ளே தண்ணீர் கொட்டியது. சிவப்புத் துணி ஒரு புரள் புரண்டது. பிறகு மெல்லச் சுற்றத் தொடங்கியது. ஜல்... ஜல்... ஜல்.

வெண்கல மணிச் சத்தம். மெஷின் வேகம் பிடிக்கப் பிடிக்க மணியும் வேகம் பிடித்தது. ஜல்ஜல், ஜல்ஜல், ஜல்ஜல். சங்கையாவின் கை தன்னையறியாமல் கொட்டின் மேல் விழுந்தது. கச்சை மணிச் சத்தம் கேட்டால் அடிப்பது அவர் கைக்குப் பழகிய வேலை. மணி எங்கேயிருந்து ஒலிக்கிறது என்று கை விசாரிக்கவில்லை. அவர் அடித்ததும் மற்றவர்களும் அடித்தார்கள். பெண்கள் குலவை போட்டார்கள்.

நல்லமுத்துவின் குதிகாலில் ஏதோ சுரீரென்று ஏறியது. முழங்கால் ஆடியது. தோள் குலுங்கியது. பேரின்ப மையத்துச் சால்வை நழுவிக் கீழே விழுந்தது.

"சமநிலையின்மை கண்டறியப்பட்டுள்ளது," என்றது மெஷின்.

"ஏஏஏய்ய்ய்!"

கூட்டம் அப்படியே பின்வாங்கியது. கச்சை கட்டாமல் சாமி வராது என்பதும் ஊர்க்கட்டுதான். வந்தது கருப்பசாமியா, காலையிலிருந்து பட்டினி கிடந்த நல்லமுத்துவின் ஆத்திரமா என்று அந்த ஊரில் இன்றைக்கும் இரண்டு கட்சி உண்டு. நல்லமுத்துவைக் கேட்டால், உடம்பு ஆடினது தெரியும், நாக்கு யாருடையது என்று தெரியாது என்பார். ஆனால் முதலில் காலில் விழுந்தது தங்கபாண்டி. அவன் கக்கத்திலிருந்த பை எங்கே போனது என்று அவனுக்கே தெரியவில்லை.

சிவந்த கண்கள் சங்கரபாண்டியன் மேல் வந்து நின்றன.

"டேய்! யாருடா நீ?"

"சாமி... சுகவாணி... மேலாளர்..."

"என் கச்சைய எதுக்குடா பூட்டி வெச்சிருக்க?"

"பாதுகாப்புக்காக சாமி."

"இந்த ஏழூரு எல்லைக்கும் காவல் நிக்கிறவன்டா நான். எனக்கே பாதுகாப்பாடா?"

சங்கரபாண்டியனின் சட்டை மொத்தமாக நனைந்துவிட்டது. கொட்டுச் சத்தம் நெஞ்சுக்குள் இடித்தது. அவரும் திருச்சுழிப் பக்கத்துக்காரர்தான். அவர் வீட்டுக் குலதெய்வமும் கருப்பசாமிதான். அவர் படித்த எந்தக் கையேட்டிலும் இந்த நிலைக்கு வழி எழுதியிருக்கவில்லை.

"திறடா!"

சங்கரபாண்டியன் தொப்பென்று மண்டியிட்டார். மெஷினின் கால்மாட்டில், யாரும் ஏறிட்டுப் பார்க்காத மூலையில் ஒரு சின்ன மூடி இருந்தது. அதை நகத்தால் நெம்பினார். உள்ளே கையை விட்டார். சுண்டுவிரல் நீளத்தில் ஆரஞ்சு நிறக் கயிறு ஒன்று வெளியே வந்தது. இழுத்தார்.

டக்.

கதவு திறந்துகொண்டது. பட்டன் இல்லை, ரகசிய எண் இல்லை, வீணை இசை இல்லை. நுரையும் தண்ணீரும் சங்கரபாண்டியன் மடியில் கொட்டின. சாமியின் கை உள்ளே போய்க் கச்சையை எடுத்து, ஒரு முறுக்கு முறுக்கி உதறி, இடுப்பில் சுற்றியது. குலவைச் சத்தம் தெருவரைக்கும் போனது.

"எனக்கு ஒரு வேலை இருக்கு, எல்லாரும் கொஞ்சம் தள்ளுங்க," என்று கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தாள் தங்கலட்சுமி. தன் நெற்றியிலிருந்த ஒட்டுப்பொட்டை எடுத்தாள். குனிந்து, அந்தச் சின்ன மூடியின் மேல் அழுத்தி ஒட்டினாள். நிமிர்ந்து சாமியை ஒரு பார்வை பார்த்தாள். இதைப் பிய்த்துப் போட்டால் சாமியென்றும் பார்க்கமாட்டேன் என்று அந்தப் பார்வையில் இருந்தது.

சாமி திருநீற்றுத் தட்டை வாங்கியது. முதல் திருநீறு சங்கரபாண்டியன் நெற்றியில் விழுந்தது.

"கயிறு இருக்கிறது ஒனக்குத் தெரியுமில்ல?"

"தெரியும் சாமி. எல்லா மெஷின்லயும் இருக்கு."

"மத்தியானம் இவன் பட்டினியா ஒன் படியேறி வந்தானே, அப்பவே ஏண்டா சொல்லல?"

சங்கரபாண்டியன் நனைந்த மடியோடு கைகூப்பி, சாமிக்கு முன்னால் பொய் சொல்ல முடியாமல், தேம்பித் தேம்பிச் சொன்னார்.

"கயித்தைச் சொல்லிட்டா, அப்புறம் ஆபீஸு எதுக்கு சாமி?"